மேரியின் நிச்சயம் ஏன் முறிந்தது? எங்கள் சனிக்கிழமைத் தொடரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தொழிலாளர் பிள்ளைகளை முன்பு ஆயா பார்த்துக்கொண்ட பழைய தோட்டத்து ஆயாக் கொட்டகையில், சனிக்கிழமை மாலைதோறும் பெண்களும் பிள்ளைகளுமாகக் கூடி 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரேரி' என்னும் அமெரிக்கத் தொடரைப் பார்த்து வருகிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தொடர் ஆங்கிலத்தில் இருப்பதால், இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கம் சொல்வது என் பொறுப்பு. விளக்கம் கேட்பவர்கள் பயிர் விளைந்ததா, மழை பெய்ததா என்று கேட்பதில்லை. யார் யாரை விட்டுப் பிரிந்தார், ஏன் பிரிந்தார் என்றே கேட்கிறார்கள். ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வந்ததால், கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன்.

டீச்சர், இது என்ன கதை? பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாமா?

லாரா இங்கல்ஸ் வைல்டர் (1867–1957) என்னும் எழுத்தாளர், தம் சிறுவயது வாழ்க்கையைக் கதைகளாக எழுதினார். அவற்றைத் தழுவி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 1974 செப்டம்பர் முதல் 1983 மார்ச் வரை ஒன்பது பருவங்களாக ஒளிபரப்பிய தொடர் இது. மினசோட்டா மாநிலத்தின் வால்னட் குரோவ் என்னும் சிற்றூரில் சார்ல்ஸ், கேரலைன் தம்பதியும் மேரி, லாரா முதலான அவர்களுடைய பெண்களும் வாழ்கிறார்கள். ஒரே அறையில் நடக்கும் பள்ளிக்கூடம், கடன் கணக்கு எழுதும் ஒற்றை மளிகைக்கடை, ஒருவர் வீட்டுச் செய்தி மறுநாள் காலைக்குள் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேரும் ஊர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். ஆயினும் 1981இல் வந்த, ஒரு சிறுமிக்கு நேரும் பாலியல் வன்முறையைச் சொல்லும் இரண்டு பகுதிகளை நான் சிறுவர்கள் இருக்கும்போது போடுவதில்லை. 1980இல் வந்த, பார்வையற்றோர் பள்ளி தீப்பிடிக்கும் பகுதியையும் தாய்மார்கள் முதலில் தாங்கள் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்வது நல்லது.

குடும்பக் கதை என்கிறீர்கள், அப்புறம் எதற்கு இத்தனை காதல் தோல்வி?

தொடர் தொடங்கியபோது லாராவாக நடித்த மெலிசா கில்பர்ட்டுக்குப் பத்து வயது. லாரா விரும்பும் அல்மான்சோ என்னும் இளைஞனோடு அவளுக்குத் திருமணம் நடக்கும் பகுதிகள் 1980இல் வெளிவந்தபோது பதினாறு. பிள்ளைகள் நம் கண் முன்னாலேயே வளர்கிறார்கள். வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் காதல் நுழையத்தான் செய்யும், சில காதல் முறியத்தான் செய்யும். அதைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தால்தான் இது பொய்யான குடும்பக் கதையாகியிருக்கும்.

மேரிக்கும் ஜானுக்கும் நிச்சயமே ஆகிவிட்டதே. பிறகு ஏன் முறிந்தது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஜான், தாயை இழந்து, இங்கல்ஸ் குடும்பத்தின் நண்பரான திரு. எட்வர்ட்ஸின் குடும்பத்தால் தத்தெடுக்கப்பட்ட பையன். கவிதை எழுதுபவன், படிப்பில் நாட்டமுள்ளவன். மேரியும் அவனும் ஒருவரையொருவர் விரும்பி, இரு வீட்டாரும் ஏற்றுக்கொண்டு, திருமணப் பேச்சு உறுதியான பின்னர், அவன் மேல்படிப்புக்காகச் சிகாகோ செல்கிறான். 1977இல் ஒளிபரப்பான பகுதியில், விவசாயிகள் சங்க மாநாட்டுக்குப் பேராளராகச் சார்ல்ஸ் சிகாகோ செல்லும்போது, ஜானைப் பார்க்கும் ஆசையில் மேரியும் உடன் செல்கிறாள். அங்கேதான் அவனுக்கு வேறொரு பெண்ணுடன் உறவிருப்பது தெரியவருகிறது.

இதை 'அவன் ஏமாற்றினான், இவள் அழுதாள்' என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். தொடர் அப்படி முடிக்கவில்லை என்பதே எனக்கு அதில் பிடித்தது. கிராமத்தில் இருந்த ஜானும் பட்டணத்தில் இருக்கும் ஜானும் வேறு வேறு ஆட்கள் என்பதை மேரி தன் கண்ணால் பார்க்கிறாள். அவனை இழுத்துக்கொண்டு வந்தால் உடம்பு மட்டும்தான் வால்னட் குரோவுக்குத் திரும்பும் என்பதும் அவளுக்குப் புரிகிறது. நம் பக்கத்திலும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த பெண்கள் எத்தனை பேர்! போன வருடம் இந்தப் பகுதியைப் போட்ட அன்று, கொட்டகையில் விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவளுடைய அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மகளின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிச்சயம் முறிந்த செய்தியை அந்த வீட்டில் யாரும் மறைக்கவில்லை. 'ஊரார் என்ன சொல்வார்கள்' என்று சார்ல்ஸ் மகளைக் கேட்கவுமில்லை. போகும்போது அவளோடு போன அப்பா திரும்பும்போதும் அவளோடுதான் திரும்புகிறார். இந்தத் தொடரை நான் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டுவதற்குக் காரணமே அந்தத் திரும்பிவரும் பயணம்தான்.

அப்படியென்றால் ஜான் கெட்டவனா?

கெட்டவன் இல்லை, தைரியம் இல்லாதவன். மனம் மாறியது அவன் குற்றம் ஆகாது. மாறியதை ஒரு கடிதத்தில் எழுதாமல், மேரி அத்தனை தூரம் வந்து தானே தெரிந்துகொள்ளும்படி விட்டதுதான் குற்றம். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு நாள் திடீரென்று பதில் நின்றுபோவதைப் பற்றி என்னிடம் சொல்லி அழும் பெண்களுக்கு நான் ஜானைத்தான் உதாரணம் காட்டுகிறேன். சொல்லாமல் விலகுவது இந்தக் காலத்தில் வந்த பழக்கமல்ல.

எங்கள் பாட்டி, 'மனசு ஒடிஞ்சதாலதான் மேரிக்குக் கண்ணு போச்சு' என்கிறார். உண்மையா?

உண்மையில்லை. அடுத்தடுத்து வந்ததால் அப்படித் தோன்றுகிறது. நிச்சயம் முறிவது 1977 செப்டம்பரில், பார்வை போவது 1978 மார்ச்சில். தொடரில், சிறுவயதில் வந்த செங்காய்ச்சலே காரணம் என்று சொல்லப்படுகிறது. நிஜ வாழ்க்கையில் மேரி இங்கல்ஸ் பார்வையிழந்தது 1879ஆம் ஆண்டில். மூளையையும் அதைச் சூழ்ந்த உறையையும் தாக்கும் கிருமித் தொற்றே காரணமாக இருந்திருக்கலாம் என்று 2013இல் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள். காதல் தோல்வியால் கண் போகாது. பாட்டியிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொரு வருத்தமான செய்தியும் உண்டு. பார்வையற்றோர் பள்ளியில் மேரி சந்தித்து மணந்துகொள்ளும் ஆசிரியர் ஆடம் கெண்டல், தொடருக்காக உருவாக்கப்பட்ட பாத்திரம். நிஜ மேரி அயோவா மாநிலத்தில் பார்வையற்றோருக்கான கல்லூரியில் படித்து முடித்தார். திருமணமே செய்துகொள்ளாமல் 1928இல் காலமானார். இதைச் சொன்னதும் கொட்டகையில் 'ஐயோ' என்று ஒரு குரல் எழுந்தது. எனக்கு அந்த 'ஐயோ'வில் உடன்பாடில்லை. படித்து, குடும்பத்தோடு வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு நாம் ஏன் ஐயோ சொல்ல வேண்டும்?

ஆடம் நல்லவன்தானே, பிறகு ஏன் மேரி கல்யாணத்துக்கு முன்னால் பின்வாங்குகிறாள்?

இருவருமே பார்வையற்றவர்கள், பிறக்கும் குழந்தையை எப்படிக் காப்பாற்றுவோம் என்ற பயம். ஜானிடம் ஏமாந்த பழைய காயமும் அதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தொடர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பின்னர் 1980இன் இறுதியில் ஆடமுக்குப் பார்வை திரும்பும்போதும், மேரி மகிழ்ச்சியோடு சேர்த்துக் கலக்கமும் அடைகிறாள். ஒருமுறை கைவிடப்பட்டவருக்கு நல்ல செய்திகூட முதலில் பயமாகத்தான் வந்து சேரும்.

லாரா அல்மான்சோவையே சுற்றிச் சுற்றி வருகிறாள், அவன் ஏன் முதலில் கண்டுகொள்ளவில்லை?

அவன் கண்ணுக்கு அவள் சடை பின்னிய பள்ளிக்கூடச் சிறுமி. 1979இல் ஆறாம் பருவத்தின் தொடக்கத்தில் அவன் ஊருக்கு வருகிறான். அவனுடைய அக்காள் எலிசா ஜேன்தான் புதிய ஆசிரியை. அக்காள் அவனை 'மேனி' என்று கூப்பிடுவது லாராவின் காதில் 'மேன்லி' என்று விழுகிறது, அந்தப் பெயரே நிலைத்துவிடுகிறது. மளிகைக்கடைக்காரர் மகள் நெல்லியும் அவனுக்குக் குறிவைக்கிறாள். அவனுக்குப் பிடித்த இலவங்கப்பட்டைக் கோழியைச் சமைத்துப் பெயர் வாங்க நெல்லி நினைக்கும்போது, லாரா இலவங்கப்பட்டைத் தூளுக்குப் பதிலாகக் காரமான மிளகாய்த் தூளைக் கொடுத்துவிடுகிறாள். ஒரு வாய் வைத்ததும் அல்மான்சோவின் முகம் போகும் போக்கைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வெளியே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

சிரித்து முடித்ததும் நான் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன்: அந்த மிளகாய்த் தூளால் அவன் மனம் மாறவில்லை. பின்னர் லாரா வேறோர் ஊரில் சிறிது காலம் பாடம் நடத்தப் போகும்போதுதான், அவள் பொறுப்பேற்று நிற்பதைக் கண்டு, அவன் அவளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறான்.

லாராவுக்குப் பதினைந்து, பதினாறு வயது. அவன் இருபதைத் தாண்டியவன். இதைப் பெண்பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்ட அம்மாவுக்கு நான் நன்றி சொன்னேன். நடித்தவர்களுக்குள்ளேயே எட்டு வயது வித்தியாசம். நிஜத்தில் அல்மான்சோ 1857இலும் லாரா 1867இலும் பிறந்தவர்கள், பத்து வயது வித்தியாசம். ஆனால் நிஜத்தில் அவர்கள் 1885 ஆகஸ்டில் மணந்தபோது லாராவுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தது. 'உமக்குக் கீழ்ப்படிவேன்' என்ற உறுதிமொழியைச் சொல்ல மாட்டேன் என்று அவர் முன்கூட்டியே அல்மான்சோவிடம் சொல்லி, அவ்வாறே மணந்தார். தொடரைக் காட்டும்போது இந்த உண்மையையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் நாட்டில், முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி திருமண வயது 18. பதினாறு நிரம்பிய பெண்ணுக்கு மந்திரி பெசாரின் (மாநில முதலமைச்சரின்) சிறப்பு அனுமதி இருந்தால் மட்டுமே விதிவிலக்கு உண்டு; 21 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். விதிவிலக்கு இருக்கிறது என்பதற்காக அதைத் தேடிப் போகாதீர்கள். படிவம் ஐந்தை (இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டை) முடிக்காத பிள்ளைக்குக் கல்யாணம் பேசுவதை நான் எந்த வீட்டிலும் ஆதரித்ததில்லை.

சார்ல்ஸ் 'பதினெட்டு வயதாகட்டும்' என்று சொன்னதால்தானே லாராவும் அல்மான்சோவும் பிரிந்தார்கள்? தப்பு அப்பா மேல்தானே?

கெடு வைத்தது அப்பா. முறித்துக்கொண்டு போனது அல்மான்சோ. காத்திருக்க அவனுக்கு மனமில்லை, லாரா அப்பாவின் சொல்லை மீறி வரத் தயாராயில்லை, அவன் கோபித்துக்கொண்டு ஸ்லீப்பி ஐ என்னும் ஊருக்குப் போய்விடுகிறான். முந்திய பதிலைப் படித்தவர்களுக்கு நான் யார் பக்கம் என்பது தெரிந்திருக்கும்.

ஆனாலும் சார்ல்ஸை நான் மெச்சுவது கெடு வைத்ததற்காக அல்ல, அதைத் தளர்த்தியதற்காக. ஸ்லீப்பி ஐயில் அல்மான்சோ இரண்டு வேலை பார்த்து உழைப்பதை அவர் நேரில் காண்கிறார். கண்ட பிறகு, சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் இறங்கிவருகிறார். நம் வீடுகளில் அப்பாக்கள் 'முடியாது' என்று சொல்லிவிட்டால், பையன் எவ்வளவு மாறினாலும் அந்த 'முடியாது' மட்டும் மாறுவதில்லை. அப்பாமார்களும் ஒரு சனிக்கிழமை வந்து இந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இதுவரை வந்தவர்கள் இருவர். அதில் ஒருவர், முன்பு பால்வெட்டு மண்டோராக (ரப்பர் மரம் சீவுவோரின் மேற்பார்வையாளராக) இருந்தவர், படம் முடிந்ததும் நாற்காலியை மடக்கிக்கொண்டே, 'இறங்கி வர்றதுக்குத்தாம்மா பலம் வேணும்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாருக்கும் ஜோடி சேருகிறது, பாவம் எலிசா ஜேனுக்கு யாருமே இல்லையா?

தொடரில் இல்லை. ஹார்வ் மில்லர் என்பவர் தம்மை விரும்புவதாக நம்பியிருந்து, அவர் மனத்தில் வேறொருத்தி இருப்பதை அறிந்து ஒடிந்துபோகிறார். அந்த நிலையிலும், தமக்கு ஒருவர் காத்திருப்பதாகப் பொய் சொல்லி, ஆசிரியை வேலையை லாராவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறார். முறிவதற்கு முன்னால் ஒரு காதலாவது இருந்திருக்க வேண்டும், இவருக்கு அதுவுமில்லை. ஒருதலைக் காதலில் தோற்றவர் யாரிடமும் போய்த் துக்கம் சொல்ல முடியாது என்பதை இவ்வளவு மென்மையாகச் சொன்ன பகுதி வேறில்லை. ஆறுதலுக்காக ஒரு செய்தி: நிஜ எலிசா ஜேன் பின்னாளில் திருமணம் செய்துகொண்டு லூசியானாவில் வாழ்ந்தார்.

கல்யாணம் ஆனவர்கள் பிரிவதையும் காட்டுகிறார்களா?

காட்டுகிறார்கள். அவற்றில் ஆழமானது கார்வி தம்பதியின் கதை, 1979இல் வந்தது. ஊருக்குத் தொலைபேசி வருகிறது. மளிகைக்கடைக்கார அம்மா ஹாரியட், பிறர் பேசுவதை ஒட்டுக்கேட்கிறார். ஆலிஸ் கார்விக்கு முன்பே ஒரு திருமணம் ஆகியிருந்ததும், அந்த மனிதர் சிறைக்குப் போனவர் என்பதும் அப்படித்தான் வெளியே வருகிறது. மனைவி இத்தனை வருடம் மறைத்துவிட்டாளே என்று கணவர் ஜானதன் வீட்டைவிட்டுப் போகிறார். பழைய லயத்து வீடுகளில் தடுப்புச்சுவர் கூரைவரை எட்டாது. இந்த வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். அங்கே வாழ்ந்த பெரியம்மாக்களுக்கு ஹாரியட்டை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடும்பத்தை உடைத்தது பழைய கல்யாணமா, மறைத்ததா, பரப்பியதா என்று அன்று ஒரு மணி நேரம் பேசினோம். பரப்பியதுதான் என்பது என் முடிவு, ஏனென்றால் மற்ற இரண்டையும் கணவனும் மனைவியும் தனியே உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க முடியும். இவர்கள் மீண்டும் சேர்கிறார்கள்.

சேராதவர்களும் உண்டு. 1982இல் திரு. எட்வர்ட்ஸ் ஊருக்குத் திரும்பும்போது குடிக்கு அடிமையாகியிருக்கிறார், மனைவி அவரை விட்டு நீங்கிவிட்டார். குடியால் மனைவி பிரிந்ததைத் தொடர் அவள் தவறாகக் காட்டவில்லை. இதை நான் நிறுத்தி, இரண்டு முறை சொல்வேன்.

நெல்லிக்கும் பெர்சிவலுக்கும் மதம் வேறு, அது பிரச்சினையாகவில்லையா?

ஆகிறது, ஆனால் பிரிவுவரை போவதில்லை. நெல்லியின் கணவன் பெர்சிவல் யூதர். பிள்ளை எந்த மதத்தில் வளர வேண்டும் என்று இரு வீட்டுப் பெரியவர்களும்தான் சண்டை போடுகிறார்கள். ஆணும் பெண்ணுமாக இரட்டைக் குழந்தை பிறக்க, ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நாடகத்தில் இரட்டைக் குழந்தை பிறக்கும். கல்யாணத்துக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்வதுதான் நமக்குச் சரிவரும்.

தொடரில் நிச்சயம் முறிந்தால் அவரவர் வழியில் போகிறார்கள். எங்களுக்குப் பதிவு முடிந்துவிட்டது, தாலி கட்டவில்லை. இப்போது வேண்டாம் என்றால்?

மேரியின் நிலையும் உங்கள் நிலையும் ஒன்றல்ல. பதிவதிகாரி முன் கையெழுத்திட்டுவிட்டால், கோயிலில் தாலி கட்டாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் கணவன் மனைவி. மணவிலக்குப் பெறாமல் இன்னொருவரை மணக்க முடியாது. மேலே சொன்ன அதே சட்டப்படி, திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகுதான் மணவிலக்கு மனு செய்யலாம். இருவரும் மனமொத்துப் பிரிந்தாலும் அப்படித்தான். அசாதாரணத் துன்பம் இருந்தால் நீதிமன்றம் விதிவிலக்கு அளிக்கலாம். இப்படிப்பட்ட திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரும் வழியும் சில சூழ்நிலைகளில் உண்டு. வழக்கறிஞரையோ அரசாங்கச் சட்ட உதவித் துறையையோ முதலில் கேளுங்கள்.

வீடு வாங்கக் கடன் எளிதாகக் கிடைக்கும் என்பதற்காகவோ, தேதி கிடைத்துவிட்டது என்பதற்காகவோ பதிவை மட்டும் ஒரு வருடம் முன்னதாக முடித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதைச் செய்யும் முன் பெண்ணிடமும் பையனிடமும் தனித்தனியே உட்கார்ந்து பேசுங்கள். நிச்சயம் மட்டும் ஆகியிருந்தால் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது போல எளிதாக முறித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். மணப்பதாக வாக்களித்து மீறியதற்கு நட்டஈடு கோரிய வழக்குகள் இந்நாட்டு நீதிமன்றங்களில் நடந்திருக்கின்றன.

டீச்சர், போன மாதம்தான் எனக்கு முறிந்தது. வந்தால் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். வரலாமா?

வாம்மா. மேரி சிகாகோ போகும் பகுதியை இந்த மாதம் போடவில்லை. அடுத்து வருவது மிளகாய்த் தூள் பகுதிதான். ஏழரைக்கு விளக்கை அணைத்துவிடுவோம், அதற்குப் பிறகு வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பின்கதவு திறந்தே இருக்கும். கதவோரத்து நாற்காலியை உனக்காக எடுத்து வைக்கிறேன். பேச வேண்டியதில்லை. அழுகை வந்தால் கிணற்றடிப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வா, தேநீர் சூடாகவே இருக்கும்.